யார் எடுத்துத் தந்த ஏடு?

விலை கொடுத்து வாங்கிய ஏடு. விரும்பிப் படித்துக் கொண்டிருந்த ஏடு. பாதி படித்தாயிற்று, மீதியைப் பிறகு படிப்போம் என்று வைத்த ஏடு. மறுபடி எடுத்துப் பார்த்தால் — ஏட்டைக் காணோம்! கதவு உடைபடவில்லை, கன்னம் வைக்கப்படவில்லை, களவாட வந்தவனின் காலடிச் சுவடும் இல்லை. ஆனால் ஏடு போயே போயிற்று!

மாயாவிகளும் மந்திரவாதிகளும் உலவும் கதையைக் கூறவில்லை, தோழர்களே! 2009ஆம் ஆண்டு, ஜூலைத் திங்களில், அமெரிக்க நாட்டில் நடந்தது இது. அமேசான் நிறுவனம் விற்ற கிண்டில் எனும் மின்படிப்பானில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை', '1984' ஆகிய நூல்களின் ஒரு பதிப்பைப் பலர் வாங்கி வைத்திருந்தனர். அவர்களைக் கேளாமலேயே, தொலைவில் இருந்தபடியே, அந்த நூல்களை நிறுவனம் அழித்துவிட்டது. உரிமை இல்லாத ஒருவர் அப்பதிப்பை விற்பனைக்கு வைத்துவிட்டார் என்று காரணம் கூறினர். பணத்தைத் திருப்பித் தந்தனர். பின்னர் நிறுவனத் தலைவரே மன்னிப்பும் கேட்டார். ஆனால், பள்ளிப் பாடத்துக்காக அந்நூலைப் படித்துக் குறிப்புகள் எழுதி வைத்திருந்த மாணவர் ஒருவர், நூல் போனதால் தம் குறிப்புகளும் பயனற்றுப் போயினவே என்று வழக்குமன்றம் ஏறினார்.

இதிலே ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. ஆள்வோருக்கு ஒவ்வாத பழைய ஏடுகளையெல்லாம் நெருப்புக்கு இரையாக்கி, நேற்று நடந்ததே நடக்கவில்லை என்று சாதிக்கும் ஓர் ஆட்சியைப் படம் பிடித்துக் காட்டும் நூல் '1984'. அந்த நூலே மறைந்தது!

நாம் இங்கே அமேசான் மீது குற்றப் பத்திரிகை படிக்க முன்வரவில்லை. செய்த தவற்றை அவர்களே ஒப்புக் கொண்டனர். நம் கவலை வேறு. ஏட்டைக் கொடுக்கும் கை எது, அந்தக் கை எதைக் கொடுக்கும், எதை மறைக்கும் என்பதை ஏடு படிப்போர் எண்ணிப் பார்க்கிறார்களா? இந்தக் கேள்வி மின்படிப்பானோடு பிறந்ததன்று. நூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இலண்டன் மாநகரில் எழுந்தது.

தேடிப் படிப்போர் என்றும் சிலர். கிடைத்ததைப் படிப்போர் பலர். ஆராய்ச்சியாளன் அலமாரி அலமாரியாகத் துழாவுவான். பகலெல்லாம் உழைத்து, இரவில் அரைமணி நேரம் ஓய்வாகப் படிக்கும் எளியவனுக்கு அதற்கு நேரமேது? அருகில் இருப்பதை, பிறர் நல்லது என்று கூறியதைப் படிப்பான். ஆகவேதான், பரிந்துரைப்பவன் கையிலே பெரும் ஆற்றல் குவிகிறது.

1842ஆம் ஆண்டு, சார்லஸ் எட்வர்டு மியூடி என்பவர் இலண்டனில் நூல்களை வாடகைக்குத் தரும் தொழிலைத் துவக்கினார். அந்நாளில் இங்கிலாந்தில் புதிய கதை நூல் மூன்று பாகங்களாக வெளிவரும். விலை ஒன்றரைக் கினி, அதாவது 31 ஷில்லிங் 6 பென்ஸ். பாட்டாளி கனவிலும் வாங்க இயலாத விலை; நடுத்தரக் குடும்பமும் வாங்கத் தயங்கும் விலை. மியூடி சொன்னார்: ஆண்டுக்கு ஒரே ஒரு கினி செலுத்துங்கள், ஒரு நேரத்தில் ஒரு பாகமாக ஆண்டு முழுவதும் மாற்றி மாற்றிப் படியுங்கள் என்று. மக்கள் மொய்த்தனர்.

நன்றியுடன் குறிப்பிட வேண்டிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1859ஆம் ஆண்டு டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' முதற் பதிப்பாக அச்சிடப்பட்டவை 1,250 படிகள். அவற்றுள் 500 படிகளை மியூடியே வாங்கினார்! படைப்புக் கதையை அசைத்த அந்த நூல் குடும்பக் கூடங்களுக்குள் நுழைந்ததில், சமயப் பற்று மிக்க இந்த வணிகருக்கும் பங்கு உண்டு. வரலாறு நம் விருப்பப்படி கறுப்பு வெள்ளையாக அமைவதில்லை. உள்ளதை உள்ளபடி கூறுவதே பகுத்தறிவு.

ஆனால், அவர் தம் நிலையத்துக்கு இட்ட பெயரைக் கவனியுங்கள்: 'தேர்ந்தெடுத்த நூல்நிலையம்'. தேர்ந்தெடுத்தவர் யார்? மியூடி! எந்த அளவுகோல் கொண்டு? தம் மனத்துக்கு ஒழுக்கமெனப் பட்டதைக் கொண்டு! அவர் நூற்றுக்கணக்கில் வாங்கினால் எழுத்தாளன் பிழைத்தான். வாங்க மறுத்தால் நூல் செத்தது. எனவே, பேனா எடுத்தவனெல்லாம் மியூடியின் முகம் கோணாதபடி எழுதலானான். மூன்று பாகமாக வெளியிட்டால் ஒரே கதையை ஒரே நேரத்தில் மூவருக்கு வாடகைக்கு விடலாம். அந்த வசதிக்காக, ஒரு பாகத்தில் முடிய வேண்டிய கதையும் மூன்று பாகத்துக்கு நீண்டது. கடைக்காரரின் அலமாரிக்கு ஏற்ப இலக்கியம் வளர்ந்த விந்தையைப் பாரீர்!

எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் மூர். 1883இல் வெளிவந்த அவரது முதல் நாவலைத் தாராளமாகப் புழங்கவிட மியூடி மறுத்தார். ஏன் என்று கேட்கச் சென்றபோது, நாட்டுப்புறத்துப் பெண்மணிகள் இருவர் கண்டித்துக் கடிதம் எழுதினர் என்று விடை கிடைத்ததாக மூர் கூறினார். கடிதம் இரண்டு, நாடு முழுவதற்கும் கதவடைப்பு! கொதித்தெழுந்த மூர் அடுத்த நூலை 1885இல் ஒரே பாகமாக, ஆறு ஷில்லிங் விலையில் வெளியிட்டு, வாடகை நூல்நிலையத்தாரின் தணிக்கையைக் கண்டித்துத் துண்டு நூலும் தீட்டினார். அவருடைய பதிப்பாளர் ஹென்றி விசெட்டெல்லி, எமிலி சோலாவின் நாவல்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட குற்றத்துக்காக, எழுபதை நெருங்கிய வயதில், 1889இல் மூன்று திங்கள் சிறைவாசம் கண்டார். நாம் இன்று கூச்சமின்றிக் கையிலெடுக்கும் ஏடுகளுக்காகச் சிறை சென்றவரும் உண்டு!

1894இல் வாடகை நூல்நிலையத்தாரே, மூன்று பாக நூல்களுக்கு இனிப் பழைய விலை தர இயலாது என்று அறிவித்தனர். சில ஆண்டுகளில் அந்த முறை மறைந்தது. மியூடியின் நிலையம் 1937இல் கதவை மூடிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு நாட்டின் படிப்பையே ஆட்டிப் படைத்த வணிகம், வரலாற்றின் அடிக்குறிப்பாயிற்று.

இதற்கிடையில் இன்னொரு வழியும் அங்கே பிறந்தது: ஊரார் வரிப்பணத்தில், ஊராருக்கு, கட்டணமின்றி நூலகம். 1850இல் வில்லியம் யூவார்ட் பாராளுமன்றத்தில் அந்தச் சட்டத்தைக் கொணர்ந்தபோது எதிர்ப்பு எழுந்தது. கர்னல் சிப்தார்ப் என்ற உறுப்பினர், தமக்குப் படிப்பே பிடிக்காதென்றும், ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில் அதை வெறுத்ததாகவும் கூசாமல் கூறினார்! ஏற இடம் கிடைத்தவனுக்கு ஏணியின் அருமை தெரியவில்லை. சட்டம் நிறைவேறிற்று, அதுவும் அரைகுறையாக! நூலகக் கட்டடம் எழுப்பலாம். நூல் வாங்க வரிப்பணத்தைத் தொடக்கூடாது என்பது அதன் நிலை. நூல் வாங்கும் உரிமைக்கு மேலும் ஐந்தாண்டு காத்திருந்தனர்.

அந்தச் சட்டத்துக்காகப் புள்ளி விவரம் திரட்டித் தந்தவர் எட்வர்டு எட்வர்ட்ஸ். பட்டம் பெற்ற பண்டிதர் அல்லர். இளமையில் கொத்துவேலை பயின்றவர்! 1852இல் மான்செஸ்டர் நகரில் திறக்கப்பட்ட பொது நூலகத்துக்கு அவரே முதல் நூலகர். செங்கல் அடுக்கப் பழகிய கை, நாட்டு மக்களுக்கு நூல் அடுக்கித் தந்தது. நம் நாட்டிலோ, விடுதலைக்குப் பின், இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது சென்னை மாகாணம், ஆண்டு 1948. அதற்குப் பாடுபட்டவர் சீர்காழி தந்த எஸ். ஆர். அரங்கநாதன்.

1935இல் ஆலன் லேன் பெங்குவின் நூல்களை ஆறு பென்சுக்கு விற்கத் துவங்கினார். ஏடு எளியவன் சட்டைப் பைக்குள் வந்தது. வந்ததும் மேலோருக்கு நடுக்கம் வந்தது! 1960இல், டி. எச். லாரன்சின் நாவல் ஒன்றை மூன்றரை ஷில்லிங் விலையில் வெளியிட்டதற்காகப் பெங்குவின் மீது வழக்கு. அரசு வழக்கறிஞர் நடுவர் குழுவினரை நோக்கி, உங்கள் மனைவியோ, உங்கள் பணியாளரோ இதைப் படிக்க விரும்புவீர்களா என்று கேட்டார். கேள்வியின் உட்பொருள் என்ன? சீமான் படித்தால் இலக்கியம். பணியாள் படித்தால் ஆபத்து! பெண் படித்தால் பேராபத்து! நடுவர் குழுவில் பெண்களும் இருந்தனர். குற்றமில்லை என்பதே தீர்ப்பு.

இனி இன்றைய நாளுக்கு வருவோம். 1971இல் மைக்கேல் ஹார்ட் என்னும் மாணவர், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகக் கணினியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சிட்டு, எவரும் இலவசமாகப் பெறலாம் என்றார். அதுவே குட்டன்பர்க் திட்டமாக வளர்ந்தது. 1998இல் மதுரைத் திட்டம் தோன்றிற்று. பல நாடுகளில் வாழும் தமிழர்கள், ஊதியம் கருதாமல், நம் இலக்கியங்களை எழுத்தெழுத்தாகக் கணினியில் ஏற்றினர். 2007இல் கிண்டில் வந்தது. கண் மங்கிய முதியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார். நூலகமில்லாத ஊரின் இளைஞன் நூறு நூல்களைக் கையடக்கக் கருவியில் வைத்திருக்கிறான். இதை வெறுப்பது பகுத்தறிவன்று. ஓலைச்சுவடி போய் அச்சு வந்தபோது அழுதவர்களின் வரிசையில் நாம் நிற்க மாட்டோம்.

ஆயினும், கருவிக்குப் பின்னே ஒரு மியூடி இருக்கிறார் என்பதை மறவாதீர்! பெயர் வேறு, முறை வேறு. இதை வாங்கியோர் இவற்றையும் வாங்கினர் என்று திரை பட்டியல் நீட்டுகிறது. எது வாங்கப்பட்டது என்ற கணக்கு அதற்குத் தெரியும். எது மனத்தை மாற்றியது என்று அதற்குத் தெரியாது. படிப்போர் தமக்குள் பரிந்துரைத்துக் கொள்ள 2007இல் எழுந்த குட்ரீட்ஸ் என்ற இணையக் கூடத்தையும், 2013இல் அமேசானே வாங்கிவிட்டது. நூல் விற்பவரும் அவரே, படிக்கும் கருவி விற்பவரும் அவரே, எதைப் படிக்கலாம் என்று நாம் கலந்து பேசும் கூடத்துக்கு உரிமையாளரும் அவரே!

நாம் பாடம் நடத்தும் வகுப்பில், அண்மையில், மாணவர் ஒருவரிடம் அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டோம். கைப்பேசியைக் காட்டினார்; அது தந்த பட்டியல் இருந்தது. எல்லாம் அவர் முன்பே படித்ததைப் போன்றவை. உன் கருத்தை மறுக்கும் நூல் இதில் ஒன்றாவது உண்டா என்றோம். தேடினார், இல்லை. குற்றம் மாணவருடையதா? நாம் அவர் கையில் ஒரு நூலை வைத்து, படித்துவிட்டு வந்து என்னோடு சண்டையிடு என்று சொல்லியிருந்தால் அல்லவா அவரைக் குறை கூறலாம்! வெட்கினோம். மறுநாள் வகுப்புக்கு இரு நூல்களைக் கொண்டு சென்றோம், ஒன்றையொன்று மறுப்பவையாக.

தோழர்களே! தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் ஏட்டைப் படிக்க, எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்ட நாடு இது. அங்கே பரிந்துரைத்தவன் பக்கத்தில் இருந்தான்; ஏன் இதைப் படிக்கச் சொன்னாய் என்று அவனைக் கேட்க முடிந்தது; விடை பிடிக்காவிட்டால் வாதாட முடிந்தது. அந்தக் கேட்கும் உரிமையை மட்டும் இழந்துவிடாதீர்! மின்படிப்பானில் படியுங்கள், தாளில் படியுங்கள், எதில் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதை எனக்கு எடுத்துத் தந்தவர் யார்? எந்த ஏட்டை என் கண்ணில் படாமல் வைத்தார்? நாளை இதை என்னிடமிருந்து எடுக்க அவரால் முடியுமா?

படித்து முடித்த நூலை அலமாரியில் சிறையிடாதீர். அடுத்த வீட்டுத் தோழனிடம் கொடுங்கள். அவனுக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்குங்கள். ஊர் நூலகத்துக்குச் சென்று, பட்டியலில் இல்லாத நூலைக் கேளுங்கள். கொத்துவேலை பயின்றவர் அடுக்கித் தந்த நூல்களைக் கண்டோம். நூலுக்காகச் சிறை புகுந்த முதியவரைக் கண்டோம். அவர்கள் திறந்து வைத்த வாயில் அது. உள்ளே சென்று எந்த ஏட்டை எடுப்பது என்பதை நம் அறிவு முடிவு செய்யட்டும்!