சின்னமும் சீட்டும்: இந்தியத் தேர்தல் சின்னங்களின் வரைகலை வரலாறு

எழுத்தையும் உருவத்தையும் கொண்டு ஒரு செய்தியைக் கண்வழியே சேர்ப்பிக்கும் கலையாகிய வரைகலையில், ஒரு படைப்பு வெற்றி பெற்றதா என்பதை அதன் அழகை வைத்துத் தீர்மானிப்பதே பெருவழக்கு என்றாலும், அந்த அளவுகோல் பயன்படாத துறைகளும் உண்டு. இந்தியத் தேர்தல் சின்னம் அவற்றுள் ஒன்று. கண்காட்சியில் வைக்கப்படாத, வரைந்தவர் பெயர் பொறிக்கப்படாத இந்தச் சிறு கோட்டோவியங்கள், பல கோடி மக்கள் சில நொடிகளில் பிழையின்றி இனங்காண வேண்டிய கட்டாயத்தோடு பிறந்தவை. நல்ல வரைகலைக்கு வேண்டிய பண்புகள் எவை என்பது தேர்தலுக்குத் தேர்தல் சோதிக்கப்பட்டதை இவற்றின் வரலாற்றில் காணலாம்.

1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்த முதல் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 17.3 கோடிப் பேர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். ஆனால் 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் 18.33 விழுக்காட்டினரே. வேட்பாளரின் பெயரைப் படிக்க இயலாதவருக்கும் மறைவாக வாக்களிக்கும் உரிமையை உறுதிசெய்ய வேண்டியிருந்த முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் நிர்வாகம், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைத்து, அதன்மேல் அவருக்குரிய சின்னத்தை ஒட்டும் முறையைக் கைக்கொண்டது. சீட்டில் வேட்பாளர் பெயரோ படமோ இல்லை. எந்தப் பெட்டியில் அது விழுகிறதோ அதுவே வாக்கு. காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, சோஷலிஸ்ட் கட்சிக்கு மரம், கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கதிர் அரிவாள், ஜனசங்கத்துக்கு விளக்கு, பட்டியல் சாதிக் கூட்டமைப்புக்கு யானை எனச் சின்னங்கள் ஒதுக்கப்பட்டன.

இவற்றைத் தெரிவுசெய்வதில் ஆணையம் இரண்டு விதிகளைக் கொண்டிருந்தது. உழவரும் கூலித்தொழிலாளரும் அன்றாடம் காணும் பொருளாக அது இருக்க வேண்டும் என்பது ஒன்று; சமய உணர்வையோ தேசிய உணர்வையோ தூண்டும் உருவங்களாகிய பசு, கோயில், தேசியக் கொடி, இராட்டை போன்றவை கூடா என்பது மற்றொன்று. எளிதில் அறியப்பட வேண்டும், ஆனால் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்ற இந்த இரட்டை நிபந்தனை, இலக்கண நூற்பாவைப் போலச் சுருக்கமானது. நடைமுறையில் கடைப்பிடிக்க அரியது.

1960களின் தொடக்கத்தில் பல பெட்டி முறை மறைந்து, எல்லா வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் ஒரே சீட்டில் அச்சிடப்பட்டு, வாக்காளர் முத்திரை குத்தும் முறை வந்தபோது, வரைகலையின் சிக்கலும் மாறியது. பெட்டிமேல் தனித்து நின்ற படம், ஒரே பத்தியில் போட்டிச் சின்னங்களுக்கு நடுவே சிறு கட்டத்துக்குள் ஒடுங்கியது. மலிவான தாளில் கறுப்பு மையால் அச்சாகும்போது நுண்ணிய கோடுகள் கலங்கிவிடும் என்பதால், புற உருவத்தைக் கொண்டே பொருளை அறியும்படி வரைய வேண்டிய தேவை எழுந்தது. ஆணையத்தில் வரைவாளராகப் பணியாற்றி 1992இல் ஓய்வுபெற்ற எம்.எஸ். சேத்தி வரைந்த மிதிவண்டி, தையல் இயந்திரம், மேசை, குடை போன்ற படங்களில் நிழல்தீட்டலும் பின்னணியும் குறைந்திருப்பதும், பொருள் தன்னை முழுதாகக் காட்டும் கோணத்தில் நிற்பதும் இத்தேவையிலிருந்து பிறந்த பண்புகளே.

வாக்காளர் குத்தும் முத்திரையும் இதே சிந்தனையின் விளைவுதான். முனைகள் ஒரே திசையில் சுழல்வதுபோல் அமைந்த அதன் அம்புக்குறி, ஈர மையோடு சீட்டு மடிக்கப்பட்டு இன்னொரு சின்னத்தின்மேல் படிந்தாலும், அங்கே இடவல மாறித் தலைகீழ்ச் சுழற்சியாகவே தோன்றும். ஆகவே வாக்கு எது, மடிப்பில் ஒட்டிய கறை எது என்பதை எண்ணுகிறவர் பிரித்தறியலாம். தவறு நேரும் வழியை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அதற்கான விடையை வடிவத்துக்குள்ளேயே வைத்த அமைப்பு இது.

நடுநிலை விதிக்கு வந்த பெருஞ்சோதனை 1969இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது நேர்ந்தது. 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணை, அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கான ஒதுக்கப்பட்ட சின்னங்கள் என்றும் ஏனையோர்க்கான பொதுச் சின்னங்கள் என்றும் இருவகை வகுத்து, ஒரு கட்சி உடைந்தால் சின்னம் யாருக்கு என்பதை முடிவுசெய்யும் அதிகாரத்தையும் ஆணையத்துக்கு அளித்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்ற நிலையில், 1971 தேர்தலில் இரட்டைக் காளை எவருக்கும் கிடைக்கவில்லை. இந்திரா காந்தியின் அணி பசுவும் கன்றும் சின்னத்திலும், எதிரணி இராட்டை சுற்றும் பெண் சின்னத்திலும் நின்றன. முதல் தேர்தலில் விலக்கப்பட்ட உருவங்களாகிய பசுவும் இராட்டையும் இருபதாண்டுக்குள் ஒருங்கே சீட்டில் ஏறியது, ஆணையத்தின் விதியைவிடக் கட்சிகளின் வேட்கை வலியது என்பதைக் காட்டுகிறது.

எனினும் முன்பொருள் ஏதும் ஏற்றப்படாத உருவமே நெடுநாள் நின்று பயன்தரும் என்பதற்குச் சான்றுகள் மிகுதி. 1978 முதல் காங்கிரசின் அடையாளமாகிய கை, முதல் தேர்தலில் பார்வர்டு பிளாக்கின் ஒரு பிரிவுக்கு உரியதாக இருந்தது. உதயசூரியன், அதே தேர்தலில் சமயச் சார்புடைய ராமராஜ்ய பரிஷத்தின் சின்னம். பின்னர் பகுத்தறிவு பேசிய தி.மு.க.வின் சின்னமாகித் தமிழகத்தில் வேரூன்றியது. இலங்கையிலோ தமிழர் விடுதலைக் கூட்டணி அதே சூரியனைக் கொண்டிருந்தது. படம் ஒன்றே, பொருளை ஊட்டியவர்கள் வேறு வேறு.

தமிழகத்தின் பங்களிப்பு இன்னொரு பண்பை வெளிப்படுத்தியது: சின்னம் யார் கையாலும் வரையப்படக்கூடியதாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு பூசிய சுவரில், இரு மலைகளுக்கிடையே அரைவட்டம் போட்டுக் கதிர்களை இழுத்தால் உதயசூரியன். ஒரு காம்பிலிருந்து இருபுறமும் விரியும் இரு வளைவுகளை இட்டு நடுநரம்பைக் கீறினால் இரட்டை இலை. தேர்ந்த ஓவியர் வரைந்தாலும் ஊர்த்தொண்டர் வரைந்தாலும் அடையாளம் கெடுவதில்லை. 1973 மே மாதத் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் மாயத்தேவர் பொதுச் சின்னங்களிலிருந்து தெரிவுசெய்த இரட்டை இலை, உயர்த்திய இரு விரல்களாலேயே காட்டக்கூடியதாக இருந்ததால், தாளும் மையும் இல்லாமலே கூட்டங்களில் பரவியது.

அந்தச் சின்னத்தின் வலிமை, அது இல்லாத காலங்களில்தான் தெளிவாகப் புலப்பட்டது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப்பின் கட்சி பிளந்து சின்னம் முடக்கப்பட்ட 1989 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்று, தி.மு.க.விடம் தோற்றன; அணிகள் இணைந்தபின் இரட்டை இலை மீண்டது. 2017இல் மறுபடியும் முடக்கம் வந்தபோது, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு ஓர் அணி தெரிவுசெய்தது இரட்டை விளக்கு மின்கம்பம். நடுத்தண்டின் உச்சியிலிருந்து இருபுறமும் பிரியும் அதன் விளக்குகள் இரட்டை இலையின் புற உருவத்தையே நினைவூட்டின. அந்தத் தேர்தல் ரத்தானாலும், வாக்காளரின் நினைவில் தங்குவது பொருளின் பெயரைவிட அதன் வடிவக்கோடு என்பதைக் கட்சிக்காரர்கள் நன்கறிந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

இதே அறிவின் மறுபக்கம் ஒப்புமையால் விளையும் இழப்பு. தெலங்கானாவில் கார் சின்னத்தைக் கொண்ட கட்சி, ரோடு ரோலர் முதலியவை தன் சின்னத்தோடு குழப்பப்பட்டு வாக்குகள் சிதறுவதாகப் பலமுறை முறையிட்டது. சிறு கட்டத்துக்குள் சக்கரங்களின்மேல் ஓர் உடல் என்ற அளவில் இரண்டும் ஒன்றாகவே தோன்றக்கூடும். ஆகவே ஒரு சின்னத்தின் தரத்தை அதைத் தனியே வைத்து மதிப்பிட முடியாது. பக்கத்துக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்பதும் அதில் அடங்கும்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 74 விழுக்காடாக உயர்ந்து, வாக்குப்பதிவு இயந்திரம் சீட்டின் இடத்தைப் பிடித்து, 2015 முதல் வேட்பாளரின் புகைப்படமும் சேர்க்கப்பட்ட பின்னும், சின்னம் விலக்கப்படவில்லை. மாறாக, 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அறிமுகமான நோட்டாவுக்கும், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் உதவியோடு 2015இல் ஒரு சின்னம் உருவாக்கப்பட்டது: குறுக்குக்கோடு இடப்பட்ட வாக்குச்சீட்டு. எவரையும் ஏற்காத வாக்குக்கும் ஓர் உருவம் தேவைப்பட்டது என்பது, எழுத்தறியாதவருக்கான தற்காலிக உதவியாகத் தொடங்கிய ஏற்பாடு தேர்தலின் பொதுமொழியாகவே நிலைத்துவிட்டதற்கு அடையாளம். தெளிவு, நடுநிலை, தனித்தன்மை, எவரும் வரையக்கூடிய எளிமை ஆகிய நான்கும் வரைகலையின் வெற்றிக்கு அடிப்படை என்பதைக் கலைக்கூடங்கள் வகுத்துரைக்கலாம். இந்தியாவில் அவற்றுக்கு மதிப்பெண் இட்டவர்கள் சாவடிக்குள் தனித்து நின்று ஒரு முறை மட்டுமே குத்த உரிமை பெற்ற வாக்காளர்கள்.