வதியும் வாய்க்காலும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைதான் நினைவுக்கு வரும். அதே ஊர்ச் சோழர் காலக் கல்வெட்டுகள் நிலத்தின் இருப்பிடத்தையும் நுட்பமாகச் சொல்கின்றன: இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம். வதி என்றால் பாதை, கண்ணாறு, கிளைக்கால், சதுக்கம், நிலத்துண்டு.

இன்று அதையே எக்செல் அட்டவணையில் அட்சரேகை 12.62, தீர்க்கரேகை 79.76 என்று எழுதிக் கணினி வரைபடத்தில் ஏற்றுகிறோம். இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால், நம் ஊர் வடதுருவப் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் போய் விழும்! கல்வெட்டில் அந்தக் குழப்பம் இல்லை. திசையும் பெயரும் கூடவே நிற்கின்றன.

ஆனால் வாய்க்கால் தூர்ந்துவிட்டால் அந்த முகவரியும் தொலைந்துபோகும். பழைய வாய்க்கால்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, பெயரையும் எண்ணையும் சேர்த்தே குறித்து வைப்போம்.