இரண்டு மணிக்கொரு முறை

ஜவ்வாது மலையில் புளி உலுக்க, பலா இறக்க, தேன் எடுக்க என்று மரமேறுவது பிழைப்பின் ஒரு பகுதி. தமிழகக் கிராமங்களில் தண்டுவடம் அடிபட முக்கியக் காரணங்களுள் ஒன்று மரத்திலிருந்து விழுவது. விழுந்தும் உயிர் தப்பியவரைப் பின்னர் வீழ்த்துவது, பல நேரம் படுக்கைப் புண்.

உணர்வு போன உடம்புக்குப் புரண்டு படுக்கச் சொல்லும் வலி கிடையாது. எலும்புக்கும் பாய்க்கும் நடுவே நசுங்கும் சதைக்கு ரத்தம் எட்டாமல், சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கும். முதலில் தோல் சிவக்கும்; கவனிக்காமல் விட்டால் புண் எலும்புவரை குடையும், நஞ்சு ரத்தத்தில் ஏறும். முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் இந்தப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மடிந்தார்கள்.

1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் அந்த விதியை மாற்றினார். இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். புண்கள் ஆறின.

ஜவ்வாது மலைக்கு வடக்கே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) இதே உண்மை வேறு வழியாகப் புலப்பட்டது. 1946-இல் அங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்குக் காரணம் கெட்ட சதை அல்ல, வலி தெரியாமல் அதன்மேல் விழும் அழுத்தமே என்று கண்டார். மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்ததும் ஆண்டுக்கணக்கான புண்கள் மூடின.

அதே மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, சிஎம்சியின் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

இத்தகைய மையங்களில் நோயாளியும் உடனிருக்கும் உறவினரும்தான் மாணவர்கள். கையூன்றி உடலைத் தூக்கிப் பாரத்தைக் குறைப்பது, கண்ணாடி பிடித்து முதுகின் கீழ்ப்பகுதியைத் தினமும் பார்ப்பது, ஈரம் தங்காமல் காப்பது என எல்லாமே பாடம். மருந்துகளையும் வேலூர் சோதித்துப் பார்த்தது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினைக் கரைசலாக்கிப் புண்மேல் இட்டு நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. சாதாரண உப்புநீரைவிட அது தெளிவான மேன்மை காட்டவில்லை.

ஆக, பாரம் விலகாமல் எந்தக் களிம்பும் கைகொடுக்காது. வேலூரில் ஆறிய புண், ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து வீட்டில், தரையில் விரித்த பாயில், மறுபடி திறக்கலாம். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வலி தணிப்பையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. சாலை எட்டாத மலையூர்களுக்கும் அந்த வருகை தவறக் கூடாது. வருபவர் முதலில் பார்க்க வேண்டியது நோயாளியின் முதுகைத்தான்.