பேராதனையும் யப்பானிய அரங்கும்

இலங்கையில் யப்பானியப் பண்பாட்டின் மீது ஏற்பட்ட ஈடுபாட்டின் வரலாறு பெரும்பகுதி கண்டியை அடுத்த பேராதனையில் நிகழ்ந்தது. அது வணிகர்களாலோ அரசியல்வாதிகளாலோ தொடங்கப்பட்டதன்று. பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் 1955இல் யப்பானிய அரங்குகளில் கண்டவற்றில் மனம் தோய்ந்தார். அடுத்த பத்தாண்டுகளில் அதன் பயனாகச் சிங்கள நாடகம் புதுவழி கண்டது. சிங்கள நாவலில் பெரும் விவாதம் மூண்டது. ஈழத்துத் தமிழ்க் கூத்தும் புத்துயிர் பெற்றது. அவர் எதிரிவீர சரச்சந்திர (1914–1996).

அதற்குப் பத்தாண்டு முன்பு இதே பேராதனை யப்பானை எதிர்த்துப் போர் நடத்திய இடமாக இருந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையைத் தாக்கின. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகத்தைப் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். பர்மாவில் யப்பானியருக்கு எதிராக நடந்த போரின் கட்டளைகள் அந்த மரநிழலிலிருந்தே சென்றன. அந்தத் தலைமுறை மலையக மக்களுக்கு யப்பான் என்றால் குண்டுவீச்சும் உணவுப் பங்கீடும்தான்.

போர் முடிந்தபின் நிலைமை விரைவாக மாறியது. 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் இலங்கையின் பிரதிநிதி ஜே. ஆர். ஜயவர்தன, பகை பகையால் தணியாது என்னும் புத்தரின் போதனையை எடுத்துக்காட்டி, யப்பானிடம் தன் நாடு நட்டஈடு கோராது என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவு ஏற்பட்டது. 1952இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. ஹந்தானை மலைச்சாரலில், மகாவலிக் கரையோரம் எழுந்த அந்தப் புதிய வளாகத்துக்கு வந்த ஆசிரியர்களுள் சரச்சந்திரவும் ஒருவர்.

காலிப் பகுதியிலுள்ள தொடந்துவையில் பிறந்த அவர் பாளியும் சமஸ்கிருதமும் கற்றவர். சாந்திநிகேதனில் தங்கி இந்திய இசையும் தத்துவமும் பயின்றவர். பௌத்த உளவியலை ஆராய்ந்து இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நாற்பதுகளில் கோகோல், மோலியே, ஒஸ்கார் வைல்ட் ஆகியோரின் நாடகங்களைச் சிங்களத்துக்குத் தழுவி மேடையேற்றினார். பல்கலைக்கழக மாணவர் அவற்றை விரும்பிப் பார்த்தனர். ஆயினும், வரவேற்பறைக் கதிரைகளும் கதவுகளும் கொண்ட அந்த மேடைக்கும் கிராமத்துச் சிங்களவர் இரவிரவாகப் பார்த்த ஆட்டங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். கோலம், சொக்கரி, நாடகம முதலிய கிராமிய ஆட்டங்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தார். 1952இல் புத்தரின் முற்பிறவிக் கதைகளாகிய ஜாதகங்களுள் குச ஜாதகக் கதையை ‘பபாவதி’ என்ற நாடகமாக்கி, உரையாடலையும் பாட்டையும் கலந்து பார்த்தார். அதிலும் அவர் மனம் நிறைவடையவில்லை. கிராமிய வடிவங்களை அருங்காட்சிப் பொருளாக ஆராய்வது ஒன்று, அவற்றைக் கொண்டு இன்றைய மனிதனின் துயரைச் சொல்வது வேறொன்று. இரண்டாவது வழி அவருக்கு இன்னும் புலப்படவில்லை.

1955இல் ரொக்கபெல்லர் நிதியத்தின் புலமைப்பரிசில் அவரை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்றது. அந்தப் பயணத்தில் யப்பான்தான் அவரை ஆட்கொண்டது. அங்கே அவர் நோ நாடகத்தையும் கபுகியையும் பார்த்தார்.

நோ நாடகம் 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் கன்அமி, அவர் மகன் செஅமி ஆகியோரால் செப்பம் பெற்ற கலை. மரத்தாலான திறந்த மேடை. பின்சுவரில் ஒரு பைன் மர ஓவியம். அதற்குமேல் திரைச்சீலையோ காட்சியமைப்போ கிடையாது. புல்லாங்குழலும் மேளங்களும் இசைப்போர் பார்வையாளரின் கண்முன்னே அமர்ந்திருப்பர். மேடையின் ஓரத்தில் வரிசையாக அமர்ந்த பாடகர் குழு பாத்திரத்தின் மனத்தைப் பாடும். முகமூடி அணிந்த நடிகர் நடைபாலம் வழியாக மெல்ல நடந்து வருவார். நாலடி வைத்தால் நெடும்பயணம் முடிந்துவிடும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோத்தோவில் பிறந்த கபுகி இதற்கு மாறாக நிறமும் ஆரவாரமும் மிக்கது. பார்வையாளரின் நடுவே நீளும் மேடைப் பாதை, பெண்வேடம் தரிக்கும் ஆண் நடிகர், உச்சக் கட்டத்தில் சிலைபோல் உறைந்து நிற்கும் நிலை ஆகியவை அதன் அடையாளங்கள்.

வட்டக்களரியில் அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்க, பிற்பாட்டுக்காரர் பாட, வரவுப் பாட்டுடன் கூத்தர் தோன்றி ஆடுவதைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த வருணனை புதிதாகத் தோன்றாது. சரச்சந்திரவுக்கும் அப்படித்தான் தோன்றியது. தெற்கிலங்கைக் கரையோரக் கிராமங்களில் அழிந்துகொண்டிருந்த நாடகம என்ற ஆட்டத்தில், பொத்தே குரு என்ற கதைசொல்லியும் பாடகர் குழுவும் இதே வேலையைச் செய்துவந்தனர். ஆனால் இலங்கையில் படித்தவர்கள் அதைப் பாமரர் கூத்து என்று ஒதுக்கினர். யப்பானிலோ, இயந்திரத் தொழிலில் மேற்குலகுக்கு ஈடுகொடுத்த ஒரு சமூகம் அறுநூறு ஆண்டுப் பழைய அரங்கைத் தன் உயர்ந்த கலையாக மதித்துக் காத்துவந்தது. பழைய வடிவம் என்பதால் அது இன்றைய பார்வையாளரின் நெஞ்சைத் தொடாமல் போகவில்லை. இதுதான் அவர் யப்பானிலிருந்து கொண்டுவந்த அறிவு. கிமோனோவும் முகமூடியும் கொண்ட ஒரு போலி யப்பானிய நாடகத்தை அவர் பேராதனையில் போட்டிருக்கலாம், அவர் போடவில்லை. பிறர் கலையை நேசித்தவர் தன் வீட்டுத் திண்ணையில் கிடந்ததை எடுத்துத் துடைத்தார்.

ஊர் திரும்பியதும் பலபிட்டியைச் சேர்ந்த நாடகமக் கலைஞர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயை இசைக்குத் துணையாக அழைத்தார். பல்கலைக்கழக மாணவரே நடிகராயினர். 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ முதன்முதலாக மேடையேறியது. சுல்லதனுத்தர ஜாதகக் கதை அது. குருவிடம் கல்வி முடித்த மனமே இளவரசன், குருவின் மகளை மணந்து காட்டு வழியே நாடு திரும்புகிறான். வேடர் தலைவன் வழிமறித்து இளவரசியைக் கேட்கிறான். இருவரும் பொருதுகின்றனர். வேடனை மடக்கிப் பிடித்த இளவரசன் மனைவியிடம் வாளைக் கேட்கிறான், அவள் தயங்குகிறாள், அந்தத் தயக்கத்தில் இளவரசன் மாண்டுபோகிறான்.

ஜாதகக் கதையில் அவள் துரோகி. பெண்ணின் நிலையின்மையைக் காட்டவே அக்கதை சொல்லப்பட்டது. சரச்சந்திரவின் இளவரசியோ, தனியொருவனாக நின்று பொருத வேடனுக்கு இரக்கம் காட்டச் சொல்கிறாள். அது இரக்கமா, மோகமா, ஒரு கணத் தடுமாற்றமா என்பதை நாடகம் தீர்த்துச் சொல்வதில்லை. காடு, கணவன், மனைவி, கள்வன், எது நடந்தது என்று துணிய முடியாத ஒரு மரணம் என்ற இந்த அமைப்பு, யப்பானிய எழுத்தாளர் அகுதகவாவின் சிறுகதையைக் கொண்டு அகிரா குரொசாவா 1950இல் எடுத்த ‘ரஷோமொன்’ படத்தை நினைவூட்டுவதை விமர்சகர் பலர் சுட்டியிருக்கின்றனர். நோ நாடகமும் கபுகியும் ‘மனமே’யின் மேடையமைப்பில் தெரிகின்றன என்றால், அதன் உள்ளத்தில் தெரிவது ‘ரஷோமொன்’. இந்த இரண்டாவது கடனே பெரியது என்று கொள்ள இடமுண்டு. வெற்று மேடையும் பாடகர் குழுவும் நாடகமவில் முன்பே இருந்தன. தீர்ப்பு வழங்காமல் ஒரு பெண்ணைப் பார்க்கும் பார்வைதான் அதில் இல்லாதது.

பேராதனை வளாகத்தில், மலைச்சரிவின் பள்ளத்தில் அமைந்த திறந்தவெளி அரங்கு இந்த நாடகங்களின் நிலையான வீடாயிற்று. 1961இல் வந்த ‘சிங்கபாகு’, தந்தையாகிய சிங்கத்துக்கும் மகனுக்கும் இடையிலான பாசமும் பகையும் பற்றியது. சரச்சந்திரவின் படைப்புகளில் தலைசிறந்தது அதுவே என்போர் உண்டு. மாணவர் ‘வல’ என்று அழைக்கும் அந்த அரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

யப்பானிய அரங்கைப் போலவே யப்பானியரின் அன்றாட வாழ்வும் சரச்சந்திரவைக் கவர்ந்திருந்தது. 1959இல் வெளிவந்த ‘மலகிய எத்தோ’ நாவல், யப்பானுக்குச் செல்லும் இலங்கையர் தேவேந்திரவுக்கும் நொரிகோ என்ற பெண்ணுக்கும் இடையே மலரும் காதலைச் சொல்கிறது. 1965இல் வந்த ‘மலவுன்கே அவுருது த’ அதன் தொடர்ச்சி. பின்னர் இக்கதையை அவரே ஆங்கிலத்திலும் எழுதி வெளியிட்டார். தேவேந்திர சான், நொரிகோ சான் என்று அவர்கள் ஒருவரையொருவர் விளிக்கும் தொனியும், சொல்லாமல் விட்டவற்றில் தங்கும் துயரும் சிங்கள இளைஞரை ஆழமாகத் தொட்டன.

எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. சிங்கள நாவலின் மூத்தவரான மார்ட்டின் விக்கிரமசிங்க, பேராதனை எழுத்தாளர்கள் யப்பானியக் காமக் கதைகளின் நிழலில் எழுதுகிறார்கள், அவர்களின் மாந்தர் சிங்களக் கிராமத்தில் வேர் இல்லாதவர்கள் என்று கண்டித்துத் தனிநூலே எழுதினார். குணதாச அமரசேகரவின் ‘யளி உபன்னெமி’ முதலிய நாவல்களும் அந்தக் கண்டனத்துக்கு உள்ளாயின. விக்கிரமசிங்கவின் கவலையில் ஓரளவு நியாயம் உண்டு. வேற்று நாட்டின் சோகத்தை அணிந்துகொள்வது இளம் எழுத்தாளருக்கு எளிது. ஆனால் அந்தக் கண்டனம் ‘மலகிய எத்தோ’வுக்குப் பொருந்தாது. அது யப்பானைச் சிங்களக் கிராமத்துக்குள் திணிக்கவில்லை. அந்நிய நாட்டை நேசிக்கும் ஒருவன் அங்கே எந்நாளும் அந்நியனாகவே நிற்பதைத்தான் சொல்கிறது. பேராதனையில் ஆரிய ராஜகருணா யப்பானியக் கவிதைகளையும் கதைகளையும் நாடகங்களையும் மொழிபெயர்த்து இந்த ஈடுபாட்டைப் புலமையாக வளர்த்தார்.

எழுபதுகள் முதல் யப்பான் கண்டி மக்களிடம் பொருள்களாகவும் உதவியாகவும் வந்தது. மாத்தளையில் நொரிடாக்கே நிறுவனத்தின் பீங்கான் தொழிற்சாலை 1972இல் தொடங்கியது. பேராதனைப் போதனா வைத்தியசாலை யப்பானிய உதவியுடன் எழுந்தது. 1982இல் யப்பானின் நன்கொடையாக ரூபவாஹினி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்க, சில ஆண்டுகளில் ‘ஓஷின்’ என்ற யப்பானியத் தொடர் வீடுதோறும் புகுந்தது.

இதே வரலாற்றின் தமிழ்ப் பகுதியும் பேராதனையிலேயே நிகழ்ந்தது. சிங்கள நாடகம தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. கத்தோலிக்கம் பரவிய மேற்குக் கரையோரத்தில் தமிழ் ஆட்டங்களைப் பார்த்துச் சிங்களவர் அதை உருவாக்கினர். அதன் மத்தளமும் மெட்டுகளும் அந்த உறவைக் காட்டுகின்றன. பேராதனைத் தமிழ்த்துறையைச் சேர்ந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘மனமே’யைப் பார்த்தபோது, கிளை தழைக்கிறது, வேர் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்ற உண்மை அவரை உறுத்தியது. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராக இருந்த அவர், மட்டக்களப்பு, மன்னார் முதலிய பகுதிகளின் அண்ணாவிமாரைத் தேடிச் சென்றார், போட்டிகள் நடத்தினார், ஏட்டில் கிடந்த ‘அலங்காரரூபன் நாடகம்’ (1962), ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ (1964) ஆகியவற்றைப் பதிப்பித்தார்.

அதன்பின் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ 1963இலும், ‘இராவணேசன்’ 1964இலும், ‘வாலிவதை’ 1967இலும் வந்தன. விடியவிடிய நடந்த கூத்து சில மணி நேரத்துக்குள் அடங்கியது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த களரி, ஒருபக்கம் பார்க்கும் படச்சட்ட மேடையாயிற்று. ஆட்டத்துடன் முகபாவ நடிப்பும் சேர்ந்தது. மட்டக்களப்பு வடமோடி ஆட்டத்தில் பயின்ற மாணவர் சி. மௌனகுரு, இராவணேசனாக ஆடிப் புகழ்பெற்றார். இந்தச் சுருக்கமும் செம்மையும் கூத்தின் சடங்குத் தன்மையைக் குறைத்துவிட்டன என்ற குறையைப் பின்வந்த ஆய்வாளர் கூறினர். ஆயினும் கூத்தாடுவதை இழிவாகக் கருதிய படித்த தமிழர் அதைப் பல்கலைக்கழக அரங்கில் எழுந்து நின்று பாராட்டியது அப்போதுதான். மட்டக்களப்பில் பேராசிரியராகப் பணிபுரிந்த காலத்திலும் அதன் பின்னரும் மௌனகுரு ‘இராவணேசன்’ நாடகத்தைப் புதிய மாணவர் தலைமுறைகளைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார்.