கதவோர இறப்பர்

பெரும் பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் உதிரிப்பாகங்களைப் பொருட்படுத்துவது அரிது. ஆயினும், சிற்றுறுப்பு ஒன்றின் பின்னே பல உயிர்களின் கதை மறைந்திருத்தலும் உண்டு. வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவோரத்தைச் சுற்றி அமைந்த இறப்பர்ப் பட்டி அத்தகையது.

முற்காலக் குளிர்ப்பெட்டிகளின் கதவு தாழ்ப்பாளினால் இறுக்கப்பட்டது. வெளியிலுள்ள கைபிடியை இழுத்தாலன்றி அது திறவாது. குளிர் கசியாமற் காத்த அதே இறுக்கம், காற்றும் உட்புகாது தடுத்தது. அமெரிக்க நாட்டில், கைவிடப்பட்ட பெட்டிகளுள் ஒளித்து விளையாடப் புகுந்த சிறுவர் பலர் மூச்சடைத்து மாண்டனர்.

இக்கொடுமையைத் தடுக்க அந்நாட்டில் 1956ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டது. அது 1958ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. உள்ளிருந்து தள்ளினாலே கதவு திறத்தல் வேண்டும் என்பது விதி. அவ்வாறாயின், தாழ்ப்பாளின்றிக் கதவை மூடிவைப்பது எங்ஙனம்? காந்தப்பொடி கலந்த நெகிழ்வான நாடாவைக் கதவோரப் பட்டியினுட் செருகும் முறை இதற்கு விடையாயிற்று. அது பெட்டியின் இரும்பு விளிம்பைப் பற்றிக்கொள்ளும். உள்ளிருந்து தள்ளும்போது விட்டுவிடும்.

இப்பட்டியின் வெண்ணிறம் நம்மை இலங்கையின் கீழ்க்கரைக்கு அழைத்துவருகின்றது. திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட்டு மிகுந்துள்ளது. 1957இல் நிறுவப்பட்ட கனியமணற் கூட்டுத்தாபனம் அதனை அகழ்ந்து ஏற்றுமதி செய்யும் தொழிலை வளர்த்தது. கரிய இல்மனைட்டிலிருந்து பெறப்படும் டைட்டேனிய வெண்பொடியே குளிர்ப்பெட்டியின் வெண்பூச்சுக்கும் வெள்ளைப் பட்டிக்கும் நிறந்தருவது.

புல்மோட்டை போன்ற வெப்பமிகு கரையூர்களில், பட்டி பழுதுற்றால் ஈரக்காற்று உள்ளே புகும்; பனி தடித்துப் படியும்; பொறி ஓய்வின்றி இயங்கி மின்சாரத்தை விழுங்கும். மெல்லிய தாளொன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால், தடையின்றி வழுவும் இடமே பழுதுற்ற இடம். நீள அகலம் மட்டுமன்றி, பட்டி பொருந்தும் பள்ளத்தின் வடிவும் ஒத்த மாற்றுப் பட்டியையே வாங்குதல் வேண்டும்.

அது கிடைக்கும்வரை கதவுக்குக் கொக்கி அறைவோரும் கயிறு கட்டுவோரும் உளர். அவர்கள் அறியாமலே பழைய தாழ்ப்பாளை மீண்டும் வீட்டுக்குள் கொணர்கின்றனர். பயனற்ற பெட்டியை வெளியே போடுமுன் கதவைக் கழற்றிவிடுதலும் இவ்வரலாறு கற்பிக்கும் கடமையாகும்.