பட்டறைக்குள் ஒரு தெரு

சிறுமலை அடிவாரத்தில் என் நண்பர் ஒருவர் வீட்டுப் பட்டறையைப் பழங்காலத் தெருவாக ஜோடித்திருக்கிறார். சுவரோரம் ஓட்டுச் சார்ப்பு, திண்ணை, லாந்தர் கம்பம். கடைசல் இயந்திரத்துக்குக்கூட மளிகைக்கடை வேஷம்!

இந்த ஆசையைப் பெரிய அளவில் நிறைவேற்றியவர்களும் உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவுக்காகப் பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூணும் கதவுமாகப் பிரித்துக் கொண்டுவந்து, அங்கே மறுபடி எழுப்பினார்கள். அதோடு விட்டிருந்தால் அது வெறும் நாடகக் கொட்டகைதான். நெசவாளர் வீட்டில் தறியையும் வைத்தார்களே, அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

பழைய தெரு என்பது ஓடும் திண்ணையுமா? தொழில் அல்லவா! எங்கள் திண்டுக்கல்லையே பாருங்கள். நாகல்நகர், நல்லாம்பட்டிப் பக்கங்களில் பூட்டுத் தொழிலாளிக்கு வீடுதான் பட்டறை. தகட்டை வெட்டி, நெம்புகளைக் கோத்து, சாவியின் பல்லை அரத்தால் ராவி ராவிப் பொருத்துவார். அந்தக் கறகற ஓசையை எந்தச் சுவரில் வரைவது?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் அலிகாரின் மலிவுப் பூட்டு அதற்கு வெகுகாலம் முன்பே கடைவீதிக்கு வந்துவிட்டது. குறியீடு வந்து சேர்ந்தபோது பல வீடுகளில் அரம் ஓய்ந்து போயிருந்தது.