சமிபாடும் கூலியும்: உடற்றொழிலியல் வரலாற்றில் ஓர் உழைப்பாளி

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கண்டுபிடிப்பு எவரது உடலில், எத்தகைய சமூக உறவுகளின் மத்தியில் நிகழ்ந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இரைப்பையில் உணவு சமிபாடடையும் முறைபற்றிய நவீன அறிவின் தோற்றத்தை ஆராய்வோர் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது என்பதே எமது கருத்தாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டளவில் மூன்று கொள்கைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. இரைப்பை உணவை வெப்பத்தால் வேகவைக்கிறது என்றனர் சிலர். திரிகைபோல் அரைக்கிறது என்றனர் வேறு சிலர். புளிக்கவைக்கிறது என்போரும் இருந்தனர். 1752இல் பிரான்சியரான றெயோமூர், துளையுள்ள உலோகக் குழாய்களில் இறைச்சியை வைத்துத் தாம் வளர்த்த பருந்தொன்றை விழுங்கச் செய்தார். குழாய் நசுங்கவில்லை, இறைச்சியோ கரைந்திருந்தது. இத்தாலியரான ஸ்பலன்சானி துணிப்பைகளிற் பொதிந்த உணவைத் தாமே விழுங்கிப் பரிசோதித்தார். கரைக்கும் சாறு ஒன்றுண்டு என்பது புலனாயிற்று. ஆயினும் உயிருள்ள மனிதனின் இரைப்பையை ஆண்டுக்கணக்கில் நேரே அவதானிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை.

அவ்வாய்ப்பை வழங்கியது உரோம வணிகமாகும். ஹியூரன், மிச்சிகன் ஏரிகள் சந்திக்கும் இடத்திலுள்ள மக்கினாக் தீவில், அமெரிக்க உரோமக் கம்பனியின் பண்டசாலையில், 1822 ஜூன் 6ஆந் திகதி துப்பாக்கியொன்று தவறுதலாக வெடித்தது. காயமுற்றவர் அலெக்சிஸ் சென் மாட்டின் என்னும் இளைஞர், பிரெஞ்சு மொழி பேசும் கனடியர், கம்பனியின் படகோட்டி. இராணுவ வைத்தியரான வில்லியம் போமன்ற் அவரது உயிரைக் காப்பாற்றினார். புண் ஆறியபோதும், இரைப்பையிலிருந்து வெளிப்புறமாகத் திறந்த துவாரம் மூடிக்கொள்ளவில்லை. 1823இல் உள்ளூர் அதிகாரிகள் இவ்வறியவரைப் பராமரிக்க மறுத்துக் கனடாவுக்கு அனுப்ப முற்பட்டனர். போமன்ற் அவரைத் தம் இல்லத்திற் சேர்த்துக்கொண்டார். இதிற் கருணை இல்லையென நாம் வாதிடவில்லை. கருணையோடு வேறொன்றும் இருந்தது.

1825 ஓகஸ்ட் 1ஆந் திகதி நண்பகலில், பட்டு நூலிற் கட்டிய மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, பழைய பாண், கோவா முதலியவற்றைப் போமன்ற் அத்துவாரத்தினூடாக உட்செலுத்தினார். ஒரு மணிக்கு வெளியே எடுத்துப் பார்த்தபோது பாணும் கோவாவும் பாதியளவு கரைந்திருந்தன, இறைச்சி மாறவில்லை. இரண்டு மணிக்கு அவிந்த இறைச்சியும் கொழுப்புங்கூட நூலில் இல்லை. மாட்டினுக்கு வயிற்று வேதனையும் தலைவலியும் கண்டன. அவருக்குரிய மருந்தும் அத்துவாரத்தின் வழியாகவே இடப்பட்டது.

சில வாரங்களின் பின் மாட்டின் சொல்லாமற் கனடாவுக்குச் சென்றுவிட்டார். போமன்ற் இதனை நன்றிகேடு எனக் கருதினார். பின்வந்த வரலாற்றாசிரியர் பலரும் அச்சொல்லை ஆராயாது வழிமொழிந்தமை வியப்புக்குரியது. 1829இல் மனைவி மக்களோடு திரும்பிய மாட்டின், பரிசோதனைகளுக்கு இடையில் வைத்தியரின் வீட்டில் விறகு வெட்டினார், சுமை சுமந்தார். 1832 ஒக்டோபரில் எழுத்து மூலமான ஒப்பந்தம் ஏற்பட்டது: உணவும் உறையுளும் நீங்கலாக ஓராண்டுக்கு 150 டொலர். எழுதத் தெரியாத மாட்டின் கைநாட்டாகப் புள்ளடியிட்டார். கூலியுழைப்பாளி தன் உழைப்புச் சக்தியைக் குறித்த நேரத்திற்கு விற்கிறான். அவனது இரைப்பை அவனுடையதாகவே இருக்கும். இவ்வொப்பந்தத்திலோ உறக்கத்திலும் தன்னிச்சையின்றி நிகழும் சுரப்பே விலைபொருளாயிற்று.

1833இல் வெளிவந்த போமன்றின் நூல் உண்மையிலேயே பெரும் சாதனையாகும். உணவு உட்புகும்போதே சாறு ஊறுகிறது என்பதும், உடலுக்கு வெளியே கண்ணாடிக் குப்பியிலும் அது வெப்பநிலை பேணப்படின் உணவைக் கரைக்கும் என்பதும் அதில் நிறுவப்பட்டன. சாற்றில் ஐதரோகுளோரிக் அமிலம் உள்ளதை இங்கிலாந்தில் வில்லியம் புறவுட் ஏலவே கண்டிருந்தார். மாட்டினின் சாற்றிலும் அது உறுதியாயிற்று. 1836இல் தியோடர் ஷ்வான் பெப்சினை இனங்கண்டார். எனினும் எல்லா உணவையும் இரைப்பைச் சாறே கரைக்கிறது எனப் போமன்ற் கொண்டமை மிகையானது. மாப்பொருளின் சமிபாடு வாயிலே உமிழ்நீரால் தொடங்குகிறது. இரைப்பையில் அமிலமும் பெப்சினும் முக்கியமாகப் புரதத்தைத் தாக்குகின்றன. கொழுப்பின் சமிபாடு பெரும்பாலும் சிறுகுடலிற் பித்தத்தாலும் சதையிச் சாற்றாலும் நிகழ்கிறது. போசணைப் பொருள்கள் பெரிதும் உறிஞ்சப்படுவதும் அங்கேயே. நூலிலிருந்து கொழுப்பு கழன்றுபோனமை அது சமிபாடடைந்தமைக்குச் சான்றாகாது.

எம்மை நிறுத்தி வைக்கும் குறிப்பு வேறொன்று. கோபம் சமிபாட்டைக் குழப்புகிறது என்பதைப் போமன்ற் அவதானித்துள்ளார். கோபமுற்றவர் மாட்டின். தம் உடல் மீண்டும் மீண்டும் திறந்து நோக்கப்படும் நிலையில் ஓர் உழைப்பாளி கொண்ட சினம், இரைப்பையின் நிலையை மாற்றும் ஒரு காரணியாக மாத்திரமே ஏட்டில் ஏறிற்று. அச்சினத்தின் காரணம் அங்கு ஆராயப்படவில்லை.

1834இல் கனடா சென்ற மாட்டின், போமன்ற் பலமுறை அழைத்தும் அவரிடம் திரும்பவில்லை. போமன்ற் 1853இல் இறந்தார். துவாரத்தோடேயே வாழ்ந்த மாட்டின் 1880இல் கியூபெக்கில் வறியவராகக் காலமானார். அவரது இரைப்பையை அரும்பொருட்சாலைக்குப் பெற மருத்துவர் வில்லியம் ஒஸ்லர் விரும்பினார். குடும்பத்தார் உடலை அழுகும் வரை வீட்டில் வைத்திருந்தனர். பின்னர், எவரும் தோண்டி எடுக்காதவாறு, எட்டடி ஆழத்திற் புதைத்தனர்.